உளவியல் இளங்கலை மாணவர்களுக்கு உதவித்தொகையும் விருதும்: எங்கே தேடுவது, எப்படி வாங்குவது

'உளவியல் மாணவர்களுக்கான உதவித்தொகை' என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை அமெரிக்கப் பட்டியல்கள்தான். அமெரிக்க உளவியல் சங்கம், உளவியல் மாணவர்களுக்காக 1929-இல் தொடங்கிய சை கை கௌரவச் சங்கம் என்று அவை நீளும். பெரும்பாலானவற்றுக்கு அந்த நாட்டுக் கல்லூரியில் படிக்க வேண்டும், அல்லது அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். சை கையில் சேர உங்கள் கல்லூரியிலேயே அதன் கிளை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. உளவியல் சேர்ந்திருக்கும் ஒருவர் அந்தப் பட்டியல்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் கைக்கு எதுவும் வராது.

இங்கே நிலவரம் இதுதான். இளங்கலை அளவில் உளவியலுக்கென்றே தனியாகப் பெரிய அரசு உதவித்தொகை இல்லை. பணம் இருப்பது எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுவான திட்டங்களில். அவற்றில் உங்கள் பாடம் எது என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரி எந்த வகை, குடும்ப வருமானம் எவ்வளவு, ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். உளவியல் என்பதற்காகவே கிடைக்கும் பெருமை விருதுகளில் இருக்கிறது. அதற்கு ஆய்வு வேண்டும், அந்த வேலை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் முதலாண்டில் பணத்தையும் மூன்றாமாண்டில் விருதையும் தவறவிடுகிறார்கள்.

சேர்ந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

கல்லூரி அலுவலகத்தில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது, உங்கள் படிப்பு எந்தப் பிரிவில் நடக்கிறது? கல்லூரியின் பெயர்ப்பலகையில் 'அரசு உதவி பெறும் கல்லூரி' என்று இருக்கலாம். ஆனால் அந்தக் கல்லூரியில் நடக்கும் எல்லாப் பாடமும் உதவி பெறும் பாடம் அல்ல. உளவியல் பல கல்லூரிகளில் பிற்காலத்தில் தொடங்கப்பட்ட துறை என்பதால் சுயநிதிப் பிரிவில் இருக்கும். கட்டணச் சலுகைகள் பலவும் உதவி பெறும் பிரிவுக்கே பொருந்தும். சேர்க்கைக் கட்டண ரசீதைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, கல்லூரியின் 'ஐஷே' குறியீட்டு எண் என்ன? உயர்கல்விக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்ள எண் இது. விண்ணப்பத்தில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே பெயரில் நான்கைந்து கல்லூரிகள் வரும். பெயரை மட்டும் பார்த்துச் சொடுக்கினால் உங்கள் விண்ணப்பம் வேறு மாவட்டக் கல்லூரியின் மேசையில் போய்க் கிடக்கும். அங்கே யாருக்கும் உங்களைத் தெரியாது.

மூன்றாவது, உதவித்தொகைப் பொறுப்பாளர் யார்? ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பேராசிரியரோ அலுவலரோ நோடல் அலுவலராக இருப்பார். விண்ணப்பத்தை முதலில் சரிபார்த்து மேலே அனுப்புவது அவர்தான். அவருடைய கைப்பேசி எண்ணும், அவர் எந்த நேரத்தில் அலுவலகத்தில் இருப்பார் என்பதும் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

தொலைநிலை வழியில் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கீழே சொல்லும் திட்டங்கள் அநேகமாக எல்லாமே நேரடி முழுநேரப் படிப்புக்குத்தான். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல் பட்டங்களுக்குத் தொலைநிலையிலும் இணையவழியிலும் புதிதாக மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. 2021-ஆம் ஆண்டு சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் உளவியலும் வருவதே காரணம். இனி யாராவது 'வீட்டிலிருந்தே உளவியல் பட்டம், உதவித்தொகையும் உண்டு' என்று விளம்பரம் செய்தால் கட்டணம் கட்டும் முன் நிறுத்தி விசாரியுங்கள்.

மாநிலத் திட்டங்கள்

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ₹1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் அடக்கம். கல்லூரி சுயநிதியாக இருந்தாலும் கிடைக்கும். வருமான வரம்பு இல்லை. கல்லூரி வழியாக, யூமிஸ் என்ற பல்கலைக்கழக மேலாண்மைத் தளத்தில் விவரம் ஏற வேண்டும். பள்ளியில் உங்களுக்கு இருந்த எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் தளத்தின் மாணவர் அடையாள எண்) கொண்டுதான் அரசுப் பள்ளிப் படிப்பைச் சரிபார்க்கிறார்கள். இடையில் ஓர் ஆண்டு தனியார் பள்ளியில் படித்திருந்தால் இங்கேதான் சிக்கும். அந்த எண்ணைப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்பு மாணவர்களுக்கு, அரசு மற்றும் உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்புக்கு இலவசக் கல்வித் திட்டம் உண்டு. முதுகலைக்கும் தொழிற்படிப்புக்கும் உள்ள வருமான வரம்பு இதற்கு இல்லை. தொகை பெரிதாக இருக்காது, ஆனாலும் விட வேண்டியதில்லை.

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை முக்கியமானது. ஆண்டு வருமானம் ₹2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் திட்டத்தில் பி.ஏ., பி.எஸ்சி. மூன்றாம் தொகுதியில் வருகின்றன: கட்டாயக் கட்டணங்களைத் தவிர, விடுதியில் தங்கினால் ஆண்டுக்கு ₹6,000, வீட்டிலிருந்து வந்தால் ₹3,000 படிப்புப் படி. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று 'ஃப்ரீஷிப் கார்டு'. தகுதியுள்ள மாணவர் முன்பணம் கட்டாமலே சேர்வதற்காக வந்த ஏற்பாடு அது. 'முதலில் கட்டுங்கள், உதவித்தொகை வந்ததும் திருப்பித் தருகிறோம்' என்று கல்லூரி சொன்னால், பெற்றோர் வட்டிக்கு வாங்கும் முன் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் இதைக் கேளுங்கள்.

பெற்றோர் வேலையையும் யோசியுங்கள். கட்டுமானம் முதலிய உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிவுசெய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி இருக்கிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு ₹6,000 தருகிறது. வேலூர், திருநெல்வேலிப் பக்கம் இது பல வீடுகளுக்குப் பொருந்தும். வாரிய அட்டை புதுப்பிக்காமல் கிடந்தால் மனு நிற்காது. அதனால் அட்டையை முதலில் எடுத்துப் பாருங்கள்.

நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு மத்திய அரசின் தனி உதவித்தொகை உண்டு. அதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

மத்தியத் துறை உதவித்தொகை: அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது

பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாக மதிப்பெண் எடுத்த, ஆண்டு வருமானம் ₹4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கான திட்டம் இது. இளங்கலையின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ₹12,000. நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேர்வரை புதிதாக எடுக்கிறார்கள். பாதி இடம் பெண்களுக்கு.

தகுதி '80 சதவீத மதிப்பெண்' அல்ல, 80-ஆவது பெர்சென்டைல். உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் தாளில் எப்படியும் வரப்போகும் பாடம்தான். உங்கள் வாரியத்தில் உங்கள் பிரிவில் ஒரு லட்சம் பேர் தேர்ச்சி என்றால் நீங்கள் முதல் 20,000 பேருக்குள் இருக்க வேண்டும். மதிப்பெண்கள் அள்ளி வழங்கப்படும் ஆண்டில் 85 சதவீதம்கூடப் போதாமல் போகலாம்; கறாரான ஆண்டில் 75 போதும். வாரியம் அறிவிக்கும் கட்-ஆஃபைப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் மட்டும் கிடைத்துவிடாது. அதற்கு மேல் இருப்பவர்களிலிருந்து மாநில ஒதுக்கீட்டுக்குள் தரவரிசைப்படி எடுக்கிறார்கள்.

இரண்டாவது குழப்பம் உளவியல்காரர்களுக்கே உரியது. இடங்களை அறிவியல், வணிகவியல், கலை என்று 3:2:1 விகிதத்தில் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிவு நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த குரூப். இப்போது படிக்கும் பட்டம் அல்ல. வணிகவியல் குரூப் படித்துவிட்டு பி.எஸ்சி. உளவியலில் சேர்ந்தவர் 'அறிவியல்' என்று நிரப்பினால் மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகாமல் விண்ணப்பம் திரும்பும். உளவியலுக்கு எந்தக் குரூப்பிலிருந்தும் வரலாம் என்பதால் இந்தத் தவறு மற்ற துறைகளைவிட இங்கே எளிதாக நடக்கும்.

மூன்றாவது, வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவர்கள் இதைச் சேர்த்துப் பெற முடியாது என்பது இந்தத் திட்டத்தின் விதி. புதுமைப்பெண் திட்டமோ மற்ற உதவிகளோடு சேர்த்துப் பெறலாம் என்கிறது. இரண்டு விதிகளும் இப்படி எதிரெதிராக நிற்கும்போது தேர்வு உங்களுடையதல்ல. நோடல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, அவர் பதிலை வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். மறைத்து இரண்டையும் வாங்கினால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில். முதலில் ஆதாரை வைத்து ஒருமுறைப் பதிவு செய்து 14 இலக்க எண் வாங்க வேண்டும். கைப்பேசியில் முக அடையாளச் சரிபார்ப்பும் உண்டு. வெளிச்சம் முகத்தில் விழும்படி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு முயன்றால் பெரும்பாலும் நடக்கும். படிவத்தை அனுப்பிய பிறகு அது கல்லூரி, அதற்கு மேல் மாவட்டம் அல்லது மாநிலம் என்று இரண்டு படி ஏற வேண்டும். திரையில் 'டிஃபெக்ட்' என்று வந்தால் திருத்தி மறுபடி அனுப்ப வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். 'ரிஜெக்ட்' என்றால் அந்த ஆண்டு முடிந்தது. திருத்தும் அவகாசம் குறைவு. குறுஞ்செய்தி வரும் என்று காத்திருக்காமல் வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

தனியார் அறக்கட்டளைகள்

ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் இளங்கலை உதவித்தொகை எந்தப் பாடத்துக்கும் உண்டு; படிப்புக் காலம் முழுவதற்குமாக ₹2 லட்சம்வரை, ஆண்டுக்கு 5,000 பேர்வரை. முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும். பன்னிரண்டில் 60 சதவீதம், குடும்ப வருமானம் ₹15 லட்சத்துக்குள்; ₹2.5 லட்சத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு முன்னுரிமை. இணையவழித் திறனறித் தேர்வு கட்டாயம். மொழி, தர்க்கம், கணக்கு என மூன்றும் வரும். கலைக் குரூப்பிலிருந்து வந்தவர்கள் கணக்கைக் கண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அது பத்தாம் வகுப்பு அளவிலான சதவீதம், விகிதம், சராசரிதான். இரண்டு வாரப் பயிற்சி போதும். கடைசி நாள் பெரும்பாலும் அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டி வரும். முதல் பருவத்தில் விட்டால் இரண்டாமாண்டில் இதற்குத் திரும்ப வழியில்லை.

ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் பரிவர்த்தன் திட்டத்தில் பொதுப் பட்டப்படிப்புக்கு ₹30,000 தருகிறார்கள். வருமானம் ₹2.5 லட்சத்துக்குள், முந்தைய தேர்வில் 55 சதவீதம். அண்மைய ஆண்டுகளில் பெற்றோர் இறப்பு, நோய், வேலையிழப்பு போன்ற நெருக்கடியைச் சந்தித்த குடும்பங்களுக்கு முன்னுரிமை. அதற்கான ஆவணத்தையும் சேர்க்க வேண்டும்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளை அரசுப் பள்ளியில் முடித்த பெண்களுக்கு ஆண்டுக்கு ₹30,000 தரும் அஸிம் பிரேம்ஜி உதவித்தொகையைப் பற்றி வாட்ஸ்அப்பில் நிறையச் சுற்றுகிறது. 2025-26 பட்டியலில் புதுச்சேரி இருந்தது, தமிழ்நாடு இல்லை. ஆண்டுதோறும் மாநிலப் பட்டியலைப் பார்த்துவிட்டு நேரம் செலவிடுங்கள்.

வீணாக நேரம் போகும் இடங்கள் இன்னும் மூன்று: இன்ஸ்பயர் உதவித்தொகை இயற்கை அறிவியல் பாடங்களுக்கு, பி.எஸ்சி. என்று பட்டம் இருந்தாலும் அதன் பாடப் பட்டியலில் உளவியல் இல்லை. பிரகதி தொழில்நுட்பப் படிப்புகளுக்கு. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழித் தொழிற்படிப்புகளுக்கு.

விண்ணப்பக் கட்டணம், 'ப்ராசஸிங் ஃபீஸ்' என்று யார் கேட்டாலும் விலகிவிடுங்கள். மேலே சொன்ன எந்தத் திட்டமும் மாணவரிடம் பணம் கேட்பதில்லை.

பெயர், சான்றிதழ், வங்கிக் கணக்கு

தகுதி இருந்தும் பணம் வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

நம் ஊர்ப் பெயர்களில் சிக்கல் இனிஷியல்தான். மதிப்பெண் சான்றிதழில் 'மலர்விழி க' என்றிருக்கும். ஆதாரில் 'கந்தசாமி மலர்விழி' என்று இருக்கும். வங்கிப் புத்தகத்தில் 'க.மலர்விழி', புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லாமல். மனிதர் பார்த்தால் மூவரும் ஒருவரே. கணினி பார்த்தால் மூன்று பேர். ஆதாரை மதிப்பெண் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுவதே நல்லது, ஏனென்றால் மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது மிக நீண்ட வேலை. ஆதார் மாறிய பிறகு வங்கியில் போய் அதே எழுத்துகளில் மாற்றுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு தடவை அலைய வேண்டிவரும். பிறந்த தேதியையும் இதே முறையில் ஒப்பிடுங்கள்.

வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவுசெய்வது ஒன்று, அந்தக் கணக்கை நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் தேசியக் கழகம்) வரைபடத்தில் இணைப்பது இன்னொன்று. 'ஆதார் கொடுத்துவிட்டேனே' என்று பலர் நினைப்பது முதலாவதை. அரசுப் பணம் போவது இரண்டாவதன் வழியாக. ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே கணக்குதான் அப்படி இணைந்திருக்கும். கடைசியாக இணைத்தது எதுவோ அங்கே பணம் போகும். பள்ளிக் காலத்தில் திறந்து மறந்துபோன கணக்குக்கு உதவித்தொகை போய்ச் சேர்ந்துவிட்டு, 'வரவில்லை' என்று மாணவர் அலைவது இதனால்தான். மை ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் எந்த வங்கி என்று தெரியும். இதை விண்ணப்பத்துக்கு முன்பே பாருங்கள். கணக்கு மாணவர் பெயரில், நடப்பில் இருக்க வேண்டும்.

வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் ₹60 கட்டி விண்ணப்பிப்பது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று நகரும். ஓராண்டுதான் செல்லும். ஜூன் மாதம் எல்லாரும் கேட்கும் நேரம் என்பதால் மே மாதத்திலேயே போட்டுவிடுவது நல்லது. தந்தை, தாய் இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். அங்கே ₹72,000 என்றும் வேறொரு அறக்கட்டளைப் படிவத்தில் ₹1,20,000 என்றும் எழுதினால் இரண்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கட்டுரைக் கேள்விக்கு என்ன எழுதுவது

அரசு விண்ணப்பத்தில் கட்டுரை இல்லை. அறக்கட்டளைகளும், ஆய்வுப் பயிற்சி தரும் நிறுவனங்களும் கேட்கும். உளவியல் மாணவர்கள் எழுதுவதில் பெரும்பான்மை இப்படித்தான் இருக்கிறது:

'சிறு வயதிலிருந்தே மனித மனத்தைப் புரிந்துகொள்வதில் எனக்கு ஆர்வம். மன அழுத்தத்தால் வாடுபவர்களுக்கு உதவி, சமுதாயத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்.'

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். படிப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. இதையே இப்படி எழுதலாம்:

'இரண்டாம் பருவச் செய்முறையில் கவன வீச்சுச் சோதனையைப் பன்னிரண்டு பேரிடம் நடத்தினேன். நூற்பாலை இரவு ஷிப்டு முடித்துவிட்டு வந்த இருவரின் அளவு மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. இரண்டு பேரை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பாதிப் பேர் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், மூன்றாமாண்டுத் திட்டப்பணியில் தூக்கமும் கவனமும் பற்றிப் பெரிய எண்ணிக்கையில் பார்க்க விரும்புகிறேன். இந்தத் தொகை எனக்குப் பேருந்துச் செலவுக்கும் பருவக் கட்டணத்துக்கும் போகும். வார இறுதி வேலையை விட்டுத் தரவு சேகரிக்க முடியும்.'

செய்த ஒன்று, கவனித்த ஒன்று, அதன் எல்லை, அடுத்த படி, பணம் எங்கே போகும் என்று ஐந்தும் இருக்கின்றன. 'இரண்டு பேரை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது' என்ற வரிதான் இதில் அதிகம் வேலை செய்கிறது. தரவின் வரம்பு தெரிந்த மாணவர் என்பதை அது காட்டிவிடுகிறது.

எழுதக் கூடாதவை இரண்டு. 'என் தோழிகளுக்கு நானே கவுன்சலிங் கொடுத்து மன அழுத்தத்தைக் குணப்படுத்தினேன்' என்று எழுதாதீர்கள். இளங்கலை மாணவருக்குச் சிகிச்சை தரும் தகுதி இல்லை. தேர்வுக் குழுவில் இருக்கும் உளவியலாளர் இதைச் சாதனையாகப் பார்க்க மாட்டார். 'கேட்டுக்கொண்டு, கல்லூரி ஆலோசகரிடம் அழைத்துப் போனேன்' என்பதுதான் சரியான செயல், சரியான வரியும்கூட. அடுத்தது, வீட்டில் ஒருவருக்கு மனநோய் இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் எழுதாதீர்கள். விண்ணப்பத்தை எத்தனை கைகள் புரட்டும் என்று நமக்குத் தெரியாது.

பரிந்துரைக் கடிதத்துக்கு மூன்று வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே மதிப்பெண் பட்டியல், அவர் வகுப்பில் நீங்கள் செய்த செய்முறை அல்லது கருத்தரங்கக் கட்டுரையின் தலைப்பு, விருதின் விதிமுறைகள், கடைசி நாள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் கொடுங்கள். உங்களை நன்றாக அறிந்த உதவிப் பேராசிரியரின் கடிதம், பெயர் மட்டும் அறிந்த துறைத் தலைவரின் கடிதத்தைவிட எடை கூடியது.

விருதுகள்: இரண்டாமாண்டில் விதைக்க வேண்டியவை

கைக்கு மிக அருகில் இருப்பவை கல்லூரியின் அறக்கட்டளைப் பரிசுகள். முன்னாள் மாணவர்களோ ஓய்வுபெற்ற பேராசிரியர்களோ வைப்புநிதி போட்டு வைத்திருப்பார்கள். துறையில் முதல் மதிப்பெண், சிறந்த செய்முறை, சிறந்த திட்டப்பணி என்று. தொகை சிறிது, ஆனால் முதுகலை விண்ணப்பத்தில் நல்ல வரி. பட்டியல் அலுவலகத்தில்தான் இருக்கும், கேட்டால்தான் காட்டுவார்கள். பல்கலைக்கழகத் தரவரிசைக்கும் பதக்கத்துக்கும் எல்லாத் தாள்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி வேண்டும் என்பது வழக்கமான விதி. உளவியலில் இதைக் கெடுப்பது பெரும்பாலும் புள்ளியியல் தாள்தான். அதில் ஒரு அரியர் விழுந்தால் மற்றதெல்லாம் 90 எடுத்தும் பயனில்லை.

அடுத்தது மாநாடுகளில் சிறந்த கட்டுரை, சிறந்த சுவரொட்டி விருதுகள். 1962-இல் தொடங்கிய இந்தியப் பயன்பாட்டு உளவியல் அகாதெமி, 1989-இல் தொடங்கிய தேசிய உளவியல் அகாதெமி ஆகியவை ஆண்டுதோறும் மாநாடு நடத்துகின்றன. பல்கலைக்கழகத் துறைகளும் நடத்துகின்றன. அறிவிப்பு வந்ததும் இளங்கலை மாணவர் பிரிவு உண்டா, கட்டுரை வாசிப்பவர் உறுப்பினராக இருக்க வேண்டுமா, பதிவுக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். கட்டணத்தைக் கல்லூரி ஏற்குமா என்று முன்கூட்டியே முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள்.

இதற்கான ஆய்வை மூன்றாம் பருவத்தில் தொடங்கினால்தான் ஐந்தாம் பருவத்தில் முடிவோடு நிற்க முடியும். மூன்றாம் பருவத்தில் கேள்வியும் வழிகாட்டியும், நான்காம் பருவத்தில் நெறிமுறைக் குழு அனுமதி, கோடையில் தரவு, ஐந்தாம் பருவத்தில் பகுப்பாய்வும் 250 சொல் சுருக்கமும். பலர் தரவைச் சேகரித்துவிட்டு அனுமதி கேட்கிறார்கள். பின்தேதியிட்டு எந்தக் குழுவும் அனுமதி தராது. அந்தத் தரவு அத்தோடு பயனற்றுப் போகும்.

மாதிரி எண்ணிக்கையில் தோற்பவர்களே அதிகம். இரண்டு குழுக்களை ஒப்பிடும் டி-சோதனைக்கு, நடுத்தர அளவு விளைவை (0.5) 80 சதவீதத் திறனோடு (உண்மையில் இருக்கும் வேறுபாட்டைத் தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) 0.05 மட்டத்தில் கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் வேண்டும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் ஐந்து நிமிடத்தில் இந்தக் கணக்கு வரும். '30 பேர் போதும்' என்று பரம்பரையாகச் சொல்லப்படுவதை நம்பிப் போனால், நடுவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே நிற்க வேண்டிவரும்.

கருவியைத் தேர்வதில் இன்னொரு கண்ணி. பெக் மனச்சோர்வுப் பட்டியல் விலைக்கு விற்கப்படும், காப்புரிமை உள்ள சோதனை; நகலெடுத்துப் பயன்படுத்தியதை விருதுக் கட்டுரையில் எழுதினால் நீங்களே ஒப்புக்கொண்டதாகும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9, பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி.-7 இரண்டும் அனுமதி இல்லாமல் இலவசமாகப் பயன்படுத்தக் கூடியவை. ஆனால் பி.எச்.க்யூ.-9-இன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. ஒருவர் அதில் 'இல்லவே இல்லை' தவிர வேறு எதைக் குறித்தாலும் என்ன செய்வீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்: அன்றே வழிகாட்டிக்குத் தெரிவிப்பது, கல்லூரி ஆலோசகரிடம் இணைப்பது, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416-ஐ எல்லாப் பங்கேற்பாளருக்கும் தாளின் கீழே அச்சிட்டுத் தருவது. பெயரில்லாத கூகுள் படிவத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டால் அப்படிக் குறித்தவர் யாரென்றே தெரியாது, உதவவும் முடியாது. அப்படிப்பட்ட ஆய்வில் வேறு கருவியை எடுப்பதே சரி.

முதலாண்டு மாணவர்களிடம் தரவு எடுக்கும்போது வயதைக் கேளுங்கள். கல்லூரியில் சேரும்போது பலருக்கு 17 வயதுதான். அவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும், இல்லையென்றால் 18 நிறைந்தவர்களை மட்டும் சேர்க்க வேண்டும்.

ஆய்வு அனுபவத்துக்குப் பணம் கொடுத்துப் பயிற்சி பெறும் வழக்கம் உளவியலில் பரவியிருக்கிறது. சான்றிதழுக்காக அதில் இறங்கும் முன், மாணவருக்கே பணம் தந்து பயிற்சி தரும் இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். காந்திநகர் ஐ.ஐ.டி.யின் கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சி அப்படி ஒன்று; அங்கே அறிதல்–மூளை அறிவியல் பிரிவும் இருக்கிறது.

புதுப்பித்தலும் முதுகலையும்

கிடைத்த உதவித்தொகை தானாகத் தொடராது. மத்தியத் துறை உதவித்தொகைக்கு ஆண்டுத் தேர்வில் 50 சதவீதமும் வருகையில் 75 சதவீதமும் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்தல் விண்ணப்பம் போட வேண்டும். மருத்துவ விடுப்பில் வருகை குறைந்தால், சான்றிதழை அந்த வாரமே அலுவலகத்தில் பதிவு செய்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாமாண்டில் இருப்பவர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுகலை தேசிய உதவித்தொகையை இப்போதே மனத்தில் வையுங்கள். மாதம் ₹15,000, ஆண்டுக்குப் பத்து மாதம், இரண்டு ஆண்டுகள். ஆண்டுக்கு 10,000 இடங்கள். இளங்கலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு. முதுகலை முதலாண்டில் சேர்ந்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் இறுதிப் பருவ மதிப்பெண் பட்டியல் கையில் இருக்க வேண்டும் என்பதால், முடிவு வந்ததும் இணையத்தில் எடுத்த படியோடு நிற்காமல், ஒருங்கிணைந்த மதிப்பெண் சான்றிதழுக்கும் தற்காலிகப் பட்டச் சான்றிதழுக்கும் அன்றே பணம் கட்டிவிடுங்கள்.